என் இடது முழங்காலும் பக்கத்துக் கட்டில்காரியும்

எனக்கு முழங்காலில் கிருமி பிடித்த கதையைக் கேட்கிற எல்லோரும் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "ஏன் வேளைக்கே டொக்டரிட்டைப் போகேல்லை?" ஆஸ்பத்திரியில் படுக்க வைத்த அன்று தாதி கேட்டாள். கனடாவிலிருந்து மச்சாள் கேட்டாள், கேட்டதோடு மஞ்சளும் உள்ளியும் அரைத்துப் பூசச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வெளியே வரும்போது பெயர்கூடத் தெரியாத ஒருவர் கேட்டார். ஒரு தடவை விவரமாக எழுதி வைத்துவிட்டால் இனிமேல் கேட்கிறவர்களிடம் இதை நீட்டிவிட்டு நான் என் வேலையைப் பார்க்கலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

நான் பாரிசில், லா ஷப்பலில் ஒரு புடைவைக் கடையில் பதினாறு வருடமாக வேலை செய்கிறேன். வேலை முழுக்க நின்ற நிலையில்தான். போன வருடம் ஒரு கலியாண வீட்டுக்காரருக்குக் காட்டுவதற்காக மேல்தட்டில் இருந்த கூறைப் புடைவைப் பெட்டியை எடுக்க ஏணியில் ஏறினேன். பெட்டி வந்தது. கூடவே நானும் வந்தேன். கூறைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று அந்த வீட்டுக்கார அம்மா சொன்னது நன்றாக நினைவிருக்கிறது.

இடது காலின் பெரிய எலும்பு அதன் மேல்நுனியில் உடைந்துவிட்டது. தொடையெலும்பு வந்து உட்காருகிற மேடை அது. உடைந்த துண்டுகளைச் சேர்த்துப் பிடிக்க ஒரு தகடும் ஆறு திருகாணிகளும் வைத்தார்கள். நாலு மாதம் வேலைக்குப் போகக் கூடாது என்று காகிதம் தந்தார்கள். நான் மூன்றாம் மாதம் போனேன். கலியாணச் சீசன் தொடங்கியிருந்தது. கடைக்காரர் சிவா அண்ணை, "சும்மா வந்து கதிரையிலை இருந்தாலே காணும் சுகந்தி" என்றார். புடைவைக் கடையில் சும்மா கதிரையில் இருந்த ஒருவரை நீங்கள் எங்கேயாவது கண்டிருக்கிறீர்களா?

ஐந்தாம் மாதம் முழங்கால் சுட ஆரம்பித்தது. தொட்டால் அடுப்பில் வைத்து இறக்கிய சட்டி மாதிரி. பின்னேரமானால் உடம்பும் காய்ந்தது. பரசெற்றமோல் போட்டேன். காலையில் இரண்டு, மத்தியானம் இரண்டு, பிறகு இடையிலும் இரண்டு. இப்படி மூன்று கிழமை. ஒருநாள் தழும்பின் ஓரத்தில் பரு மாதிரி ஒன்று வந்து உடைந்தது. வேலையால் வந்து காலுறையைக் கழற்றும்போது என் கணவர் தவம் பார்த்துவிட்டார்.

"இதென்ன?"

"வியர்வை."

"வியர்வை மஞ்சளாவே வாறது?"

அவர் லா கூர்னெவில் ஒரு சாமான் கிடங்கில் வேலை. அதிகம் கதைக்கிற ஆள் இல்லை. அன்றைக்கும் அதற்கு மேல் ஒன்றும் கேட்காமல் என் சப்பாத்தை எடுத்து வந்து முன்னால் வைத்தார். அவசரப் பிரிவுக்குப் போனோம்.

சத்திரசிகிச்சை நிபுணர் ஒரு பெண். என் மகள் ஆரணியைவிடப் பத்து வயது கூட இருந்தால் பெரிய விஷயம். ஒரு காகிதத்தில் படம் கீறி விளக்கினாள். உலோகத்தின் மேல் கிருமி ஒட்டிக்கொண்டால் தன்னைச் சுற்றிப் பசை மாதிரி ஒரு போர்வையை உண்டாக்கிக்கொள்ளுமாம். மருந்து இரத்தத்தின் வழியாக வருகிறது. தகட்டுக்குள் இரத்தம் ஓடுவதில்லை. அதனால் எவ்வளவு மருந்து கொடுத்தாலும் போர்வைக்குள் இருக்கிற கிருமி சாகாது. வெட்டித் திறந்து தகட்டை எடுத்து, எலும்பைக் கழுவி, பிறகு கிழமைக்கணக்கில் நேரே இரத்தத்தில் மருந்து ஏற்ற வேண்டும். தகடு போய்விட்டதால் எலும்பு முழுதாகப் பொருந்தும்வரை ஆறு கிழமை அந்தக் கால் நிலத்தில் பாரம் வைக்கக் கூடாது.

"காலை எடுக்க வேண்டி வருமோ?" என்று கேட்டேன்.

"இப்போதைக்கு அந்தப் பேச்சே இல்லை" என்றாள் பிரெஞ்சில். பக்கத்தில் நின்ற ஆரணி எனக்குத் தமிழில் சொல்லும்போது, "அந்தப் பேச்சே இல்லையாம்" என்றாள். 'இப்போதைக்கு' என்ற சொல்லைத் தன்னோடே வைத்துக்கொண்டாள். இங்கேயே பிறந்த பிள்ளை; தாய்க்குப் பிரெஞ்சு விளங்காது என்று இன்னமும் நினைக்கிறாள். நானும் விளங்காத மாதிரியே தலையாட்டினேன்.

தகட்டை எடுத்தார்கள். எலும்புக் கிருமிக்கென்றே இருக்கிற பிரிவில் ஒரு இரட்டைக் கட்டில் அறையில் என்னைப் போட்டார்கள். மேல்கையில் ஊசி குத்தி, அங்கிருந்து நெஞ்சுக்கூட்டுக்குள் இதயத்துக்குக் கிட்ட வரை போகிற ஒரு மெல்லிய குழாயை விட்டார்கள். அதற்குப் பக்கத்தில் ஒரு யந்திரம். நான் கையை மடித்தால் கீ கீ என்று கத்தும். மடிக்காவிட்டாலும் கத்தும். மருந்து முடிந்தால் கத்தும், முடியப் போகிறது என்று முன்கூட்டியே கத்தும். அழைப்பு மணியை அமத்தினால் தாதி வந்து, "பொறுமை மதாம், பொறுமை" என்பாள். அந்த நாட்களில் இந்தச் சொல்லை நான் கேட்ட அளவுக்கு வேறு யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். சோற்றை ஆறவைத்துக் கொண்டு வருகிறவனும் பொறுமை, எக்ஸ்ரேக்குத் தள்ளிக்கொண்டு போய் நடையோடையில் முக்கால் மணித்தியாலம் விட்டுவிட்டுப் போகிறவனும் பொறுமை.

பிறகு என் பக்கத்துக் கட்டில்காரி.

ஜன்னலோரக் கட்டில் அவளுடையது. முப்பத்தேழு வயது. தோள் அகலமான, குட்டை முடி வைத்த பிரெஞ்சுப் பெண். பெயர் ஓட். தவம் அதைக் கேட்டதும் என் காதுக்குள், "ஓடு எண்டு பேரை வைச்சுக்கொண்டு கட்டிலிலை கிடக்கிறாள் பாவம்" என்றார். எனக்கு முதல் இரண்டு நாள் அவள் பாவமாகப் படவில்லை. விசரியாகப் பட்டாள்.

காலை ஆறரைக்கு எழும்புவாள். அவளுக்கும் என்னைப் போலவே ஒரு கால் அசையக் கூடாது, வலது முழங்கால். ஆனால் மிச்சமுள்ள உடம்பு எல்லாவற்றையும் அசைப்பாள். கட்டில் கம்பியில் றப்பர் நாடா கட்டி இழுப்பாள். வாய்க்குள் எண்ணுவாள். தேத்தண்ணி வரும் முன்பே அவளுக்கு வேர்த்திருக்கும். அது முடிந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்து கண்ணை மூடுவாள். இரண்டு கைகளையும் முன்னுக்கு நீட்டி, தட்டத்தை ஏந்துகிற மாதிரி வைத்துக்கொண்டு, உடம்பை இடமும் வலமுமாகச் சாய்ப்பாள். சில இடத்தில் மூச்சை அடக்குவாள். சில இடத்தில் ப்பூ என்று விடுவாள். பிறகு கண்ணைத் திறந்து பக்கத்தில் கிடக்கிற நிறுத்தற் கடிகாரத்தை அமத்திப் பார்ப்பாள். திருப்தியில்லை என்றால் முதலிலிருந்து திரும்பத் தொடங்குவாள். கோயிலில் உருவேறி ஆடுகிற ஆட்களுக்கும் இவளுக்கும் ஒரே வித்தியாசம், அவர்கள் ஆடி முடிந்து நேரம் பார்ப்பதில்லை.

மூன்றாம் நாள் ஆரணி வந்தபோது அவளைக் கண்டு வாசலிலேயே நின்றுவிட்டாள். பிறகு என் கட்டிலில் இருந்துகொண்டு காதுக்குள் குசுகுசுத்தாள்.

"அம்மா, அவ யாரென்று தெரியுமா? மலையுச்சியிலிருந்து பனிச்சறுக்கில் இறங்குகிற பந்தயக்காரி. டிவியில் எல்லாம் வருவா. பெருந்தெருவில் கார் போகிற வேகத்தில் இறங்குவா."

"ஏன்?" என்று கேட்டேன்.

ஆரணிக்குக் கோபம் வந்தது. "ஏன் என்றால் என்ன அம்மா? அது விளையாட்டு."

நான் நியாயமாகத்தான் கேட்டேன். இரண்டு மரப்பலகை அகலம்கூட இல்லாத சாமானில் நின்று மலையில் இருந்து விழுகிற மாதிரி இறங்குவதற்கு ஒரு காரணம் வேண்டாமா? எனக்குப் பனி என்றால் மெத்ரோப் படிக்கட்டில் கையைப் பிடித்துக்கொண்டு இறங்க வேண்டிய நாள். அவ்வளவுதான். பிறகு விவரங்களை ஆரணியே கேட்டுக் கேட்டுச் சொன்னாள். அந்தப் பந்தயத்தில் அநேகம் பேர் முப்பதோடு நிறுத்திவிடுவார்களாம். ஓட் பதினெட்டுப் பனிக்காலம் இறங்கியிருக்கிறாள். அந்த முழங்காலில் இது ஆறாவது ஒப்பரேசன். கிழிந்த தசைநாருக்குப் பதிலாக வேறு இடத்துத் தசைநாரை வைத்துத் தைத்திருந்தார்கள். அதைப் பிடித்திருந்த திருகாணியில் கிருமி.

இதைக் கேட்ட பிறகு எனக்கு எரிச்சல் கூடினதே தவிரக் குறையவில்லை. ஆறு தடவை வெட்டின பிறகும் காலையில் றப்பர் நாடா இழுக்கிற மனத்தை என்னவென்று சொல்வது? எனக்குத் தெரிந்த ஒரே சொல் பிடிவாதம். அதோடு அவளுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு ஒழுங்கு. சாப்பாட்டுத் தட்டில் இறைச்சியை அளந்து வெட்டுவாள். மத்தியானம் ஒன்றரைக்கு நித்திரை. அந்த நேரம் பார்த்துத்தான் தவத்துக்கு வேலை முடிந்து வர முடியும். அவள் கண்மூடியைக் கழற்றி, மிகவும் மரியாதையாக, "மன்னிக்கவும், நாற்பது நிமிடம்" என்பாள். அந்த மனுசன் என் கட்டில் பக்கத்தில் நாற்பது நிமிடம் வாய் திறக்காமல் என் பாதத்தைத் தடவிக்கொண்டு இருப்பார். உண்மையைச் சொன்னால் அவர் வாய் திறந்தாலும் பெரிதாக ஒன்றும் சொல்லப் போவதில்லை. ஆனாலும் எனக்குக் கோபம்.

தவம் தினமும் ஒரே சாப்பாட்டைத்தான் கொண்டு வந்தார். சோறு, பருப்பு, முட்டை. அவருக்குச் சமைக்கத் தெரிந்தது அவ்வளவே. ஒன்பதாம் நாள் பருப்பில் உப்பு சரியாக இருந்தது. நான் சொன்னதும் அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆரணி சனிக்கிழமை வந்து என் கால் நகங்களை வெட்டிவிட்டாள். குனிந்து வெட்டும்போது அவளுடைய உச்சி வகிடு தெரிந்தது. சின்ன வயதில் அதில்தான் நான் எண்ணெய் வைப்பேன். இப்போது அவள் என் பாதத்தை மடியில் வைத்துக்கொண்டு, "அசையாதீங்கோ" என்று தமிழில் அதட்டினாள்.

ஆய்வுகூட முடிவுக்காகக் காத்திருப்பதுதான் எல்லாவற்றிலும் கொடுமை. கழுவும்போது எடுத்த சதைத்துண்டுகளைச் சூடான பெட்டிக்குள் வைத்து, என்ன கிருமி முளைக்கிறது என்று பதினாலு நாள் பார்ப்பார்களாம். வெந்தயம் முளைக்கப் போட்ட மாதிரி என் முழங்கால் துண்டு ஒரு பெட்டிக்குள் கிடக்கிறது. அதில் என்ன முளைக்கிறதோ அதை வைத்துத்தான் எனக்கு மருந்து. வேறு பிடிவாதமான கிருமி ஏதும் முளைத்தால் திரும்பவும் வெட்ட வேண்டும்.

பத்தாம் நாள் சிவா அண்ணை தொலைபேசியில் வந்தார். சுகம் விசாரித்தார். பிறகு இழுத்தார்.

"அடுத்த மாசம் சாமத்தியச் சடங்கும் கலியாணமுமாத் தொடர்ந்து வருது. உம்மை நம்பித்தான் இருக்கிறன். ஏலாதெண்டால் சொல்லும், வேறை ஆளைப் பாக்க வேணும்."

"வருவன் அண்ணை" என்றேன்.

வாயில் வந்துவிட்டது. பதினாறு வருடப் பழக்கம். தொலைபேசியை வைத்த பிறகு கணக்குப் போட்டேன். பாரம் வைக்கக் கூடாத ஆறு கிழமை முடிகிற நாளுக்கு முன்பே அந்த மாதம் தொடங்குகிறது. அப்படியானால் காலை முன்கூட்டியே பழக்க வேண்டும். மறுநாளிலிருந்து குளியலறைக்குப் போகும் போதெல்லாம் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, கைகழுவும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு, இடது பாதத்தை நிலத்தில் வைத்து நிற்கத் தொடங்கினேன். முதல் நாள் ஐந்து எண்ணும்வரை. அடுத்த நாள் பத்து. நோவு கண்ணுக்குள் மின்னல் மாதிரி வரும். பல்லைக் கடித்தேன்.

நாலாம் நாள், இருபது எண்ணிக்கொண்டிருக்கும்போது கதவு திறந்தது. அந்தக் கதவுகளுக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஓட் தன் ஊன்றுகோல்களில் நின்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. என் பாதத்தைப் பார்த்தாள்.

"உட்கார்" என்றாள்.

அதுவரை என்னை 'நீங்கள்' என்றுதான் கூப்பிட்டவள்.

"இது என்னுடைய கால்" என்றேன்.

"தெரியும். என் காலைப் பற்றி நானும் அதையேதான் சொன்னேன். உட்கார்."

கழிப்பறை மூடியில் உட்கார்ந்தேன். அவளுக்கு உட்கார இடமில்லை. கதவு நிலையில் சாய்ந்தபடி என்னைத் திட்டினாள். அவ்வளவு நாளும் சத்தம் போடாமல் கதைத்த பெண் ஓடை முழுக்கக் கேட்கக் கத்தினாள். எலும்பில் ஓட்டை இருக்கிறது, தகடு இல்லை, இன்னொரு தரம் உடைந்தால் எதை வைத்துப் பூட்டுவார்கள், யோசித்தாயா? என்றாள்.

எனக்கும் பொறுக்கவில்லை. பதினாலு நாள் அடக்கின எரிச்சல் முழுவதையும் அவள் தலையிலேயே கொட்டினேன். "நீயா எனக்குப் புத்தி சொல்கிறாய்? ஆறு தரம் வெட்டுப்பட்டும் மலையில் இருந்து குதிக்கப் போகிறவள் நீ. உனக்குப் பயிற்சி தர ஒரு ஆள், காலைப் பிடித்துவிட ஒரு ஆள், சமைக்க ஒரு ஆள். எனக்கு ஒரு ஏணி. நான் போகாவிட்டால் அந்த இடத்தில் நாளைக்கே வேறு பெண் நிற்பாள். பயமில்லாத உனக்கு இதெல்லாம் எங்கே விளங்கப் போகிறது?"

"பயமில்லையா?" என்றாள். சிரித்தாள். நல்ல சிரிப்பில்லை. "ஒவ்வொரு பந்தயத்துக்கு முன்பும் நான் வாந்தி எடுப்பேன். பதினெட்டு வருடமாக. பயமில்லாதவர்கள் என்னோடு தொடங்கினார்கள். என்னைவிட வேகமானவர்கள். ஒருத்திகூட இப்போது பந்தயத்தில் இல்லை. நான் எப்படி இத்தனை வருடம் நின்றேன் என்று பத்திரிகைக்காரர் கேட்கும்போது மனவுறுதி என்று சொல்வேன். அவர்களுக்கு அதுதான் பிடிக்கும். உண்மை என்ன தெரியுமா? மேலே போய் நின்று பார்த்து, இன்றைக்கு வெளிச்சம் சரியில்லை, அல்லது இன்றைக்கு என் கால் சரியில்லை என்று தெரிந்தால் பலகையைக் கழற்றிவிட்டு வந்துவிடுவேன். எத்தனையோ தரம். ஒருமுறை நான் திரும்பினேன், எனக்குப் பின்னால் நின்ற தோழி இறங்கினாள். அவள் இப்போது சக்கர நாற்காலியில். அந்த நாள் எல்லோரும் என்னைக் கோழை என்றார்கள்."

"அப்படியானால் தினமும் காலையில் கண்ணை மூடிக்கொண்டு செய்கிறாயே, அது என்ன?"

"அதுவும் பயம்தான். எங்கே எங்கே விழக்கூடும் என்று ஒவ்வொரு இடமாகப் போய்ப் பார்க்கிறேன்."

"அவ்வளவு கவனமென்றால் இங்கே ஏன் கிடக்கிறாய்?"

கேட்டிருக்கக் கூடாது என்று உடனேயே தோன்றியது. அவள் தன் வலது முழங்காலைப் பார்த்தாள்.

"முழங்கால் மூன்று கிழமை சுட்டது. காய்ச்சலும் இருந்தது. ஒருத்தருக்கும் சொல்லவில்லை" என்றாள். "அணிக்குப் பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி வந்திருக்கிறாள். நான் ஒரு மாதம் நிற்காவிட்டால் அந்த இடத்தில் அவள்தான். பதினெட்டு வருடம் பயம் சொன்னதைக் கேட்டேன், இந்த ஒரு தரம் கேட்கவில்லை."

நான் பரசெற்றமோல் பெட்டியை நினைத்தேன். இரண்டு பேரும் ஒரே மூன்று கிழமையைத்தான் ஒளித்திருக்கிறோம். இதற்குள் தாதி ஓடி வந்தாள். ஆளுக்கொரு முழங்கால் பழுதான இரண்டு பெண்கள் குளியலறைக்குள் என்ன செய்கிறீர்கள் என்று எங்களைத் தனித்தனியாகத் திட்டிக் கட்டிலில் ஏற்றினாள். ஓட் எனக்காகப் பொய் சொல்லுவாள் என்று எதிர்பார்த்தேன். இல்லை. "இவ நாலு நாளாகக் காலை ஊன்றுகிறா, படம் எடுத்துப் பாருங்கள்" என்று அப்படியே சொல்லிவிட்டாள். அன்றைக்கு முழுக்க நான் அவளோடு கதைக்கவில்லை.

படம் எடுத்தார்கள். எலும்பு அசையவில்லை. நிபுணர் வந்து, படத்தை என் முகத்துக்கு நேரே பிடித்துக் காட்டிவிட்டுப் போனாள். அவள் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இரண்டு நாள் கழித்து என் ஆய்வு முடிவு வந்தது. முளைத்தது ஒரே ஒரு கிருமி, சாதாரணமானது, மாத்திரைக்கு அடங்குவது. அப்போது எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே மாத்திரைதான்; சிவப்பும் பழுப்புமாக ஒரு குளிசை. அது உடம்பில் இருந்து வெளியே வருகிற எல்லாவற்றையும் செம்மஞ்சள் ஆக்கும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். சிறுநீரைப் பார்த்துப் பயப்படாதே என்றார்கள்.

ஓட்டுக்கு வந்த செய்தி வேறு. நிபுணர் திரையை இழுத்துவிட்டுத்தான் பேசினாள். ஆனால் துணித்திரை சத்தத்தை மறிக்காது. மூட்டுக்குள் எலும்புகள் உரசாமல் வைத்திருக்கிற வழவழப்பான படலத்தைக் கிருமி தின்றுவிட்டது. புதுத் தசைநாரையும் எடுக்க வேண்டும். இந்த முழங்காலை ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் வாழ்நாள் முழுக்க நடக்கலாம். அல்லது தைரியமான ஒரு வைத்தியரைத் தேடிப் பிடித்து, இன்னுமொரு பனிக்காலம் இறங்கலாம். இரண்டும் சேர்ந்து முடியாது.

ஓட் ஒரு கேள்விதான் கேட்டாள். "முடிவு சொல்ல எத்தனை நாள் இருக்கிறது?"

எனக்கு அந்த அமைதி தாங்கவில்லை. அழு, கத்து, தலையணையை எறி என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். அவளோ அடுத்த மூன்று நாளும் றப்பர் நாடா இழுத்தாள். இறைச்சியை அளந்தாள். ஒன்றரைக்கு நித்திரை கொண்டாள். கண்ணை மூடி அதே மலையில் திரும்பத் திரும்ப இறங்கினாள். தொலைபேசியில் யார் யாரோ வந்தார்கள். நீ முடியும் என்று நினைத்தால் முடியும் என்று ஒரு ஆள் கத்தியது எனக்கே கேட்டது.

நாலாம் நாள் காலையில் நீட்டின கைகள் நடுவழியில் நின்றன. கண்ணைத் திறந்தாள். கடிகாரத்தை அமத்தவில்லை.

"இல்லை" என்றாள். என்னிடமா தன்னிடமா தெரியவில்லை. "இறங்க வழியில்லை. எல்லா வழியாலும் போய்ப் பார்த்தேன்."

பிறகு அழுதாள். நான் என் கட்டிலில் இருந்து எட்டி, முகம் துடைக்கிற ரிசுக் காகிதம் நீட்டினேன். குழாய் இழுபட்டு யந்திரம் கத்தத் தொடங்கியது. அவள் கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தாள். ரிசு முழுக்கச் செம்மஞ்சள். அந்த மாத்திரை கண்ணீரையும் விடவில்லை. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கினேன். அவளுக்கு முதலில் வெடித்தது. தாதி வந்து யந்திரத்தை நிறுத்தும்போது நாங்கள் இரண்டு பேரும் அழுகிறோமா சிரிக்கிறோமா என்று அவளுக்கு விளங்கவில்லை. பொறுமை என்று சொல்ல வாய் எடுத்து, விட்டுவிட்டாள்.

அன்று பின்னேரம் சிவா அண்ணையைக் கூப்பிட்டேன். தவம் பக்கத்தில் இருந்தார்.

"அண்ணை, நான் வரமாட்டன். அடுத்த மாசமும் இல்லை, அதுக்கடுத்த மாசமும் இல்லை. டொக்டர் சொன்ன பிறகுதான்."

"என்ன சுகந்தி, அண்டைக்கு வருவன் எண்டனீர்?"

"பொய் சொன்னனான். வேறை ஆளைப் பாருங்கோ."

மறுமுனையில் அவர் யாரோ வாடிக்கையாளருக்கு விலை சொன்னார். பிறகு, "சரி, பாப்பம்" என்று வைத்துவிட்டார். பதினாறு வருடத்தில் அவருக்கு நான் இல்லை என்று சொன்னது அதுதான் முதல் தரம். தவம் என் கையில் இருந்த தொலைபேசியை வாங்கி மேசையில் வைத்தார்.

"நீர் இதை அப்பவே சொல்லியிருக்கலாம்" என்றார். "நானும் உம்மைப் போகாதையும் எண்டு சொல்லியிருக்கலாம்."

எங்கள் கலியாணத்துக்குப் பிறகு அவர் இவ்வளவு நீளமாகப் பேசியது சில தடவைகள்தான்.

பக்கத்துக் கட்டில்காரியைக் கடைசி ஒப்பரேசனுக்குத் தள்ளிக்கொண்டு போன நாளில்தான் என்னை வீட்டுக்கு விட்டார்கள். எங்கள் வீடு நாலாம் மாடி, பழைய கட்டிடம், லிஃப்ட் கிடையாது. அம்புலன்ஸ்காரர் இரண்டு பேர் என்னைக் கதிரையில் வைத்துத் தூக்கி ஏற்றினார்கள். பிறகு எட்டுக் கிழமை நான் தெருவைக் காணவில்லை. தினமும் தாதி வீட்டுக்கு வந்து இரத்தம் எடுத்தாள் அல்லது கட்டு மாற்றினாள். மச்சாள் தொடர்ந்து மஞ்சள் அரைக்கச் சொன்னாள். நான் ஜன்னலில் இருந்து கீழே போகிற ஆட்களின் முழங்கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன அலட்சியமாக மடிக்கிறார்கள்!

கிருமி போய்விட்டது என்று மூன்றாம் மாத இரத்தப் பரிசோதனையில் சொன்னார்கள். கடையில் வேறு பெண்ணை எடுத்துவிட்டார்கள். நல்ல பிள்ளையாம். அடுத்த மாதத்திலிருந்து கிழமைக்கு மூன்று நாள், கல்லாவில் உட்கார்ந்தபடி வரச் சொல்லிச் சிவா அண்ணை கேட்டிருக்கிறார். எழுத்தில் தரச் சொல்லியிருக்கிறேன்.

போன கிழமை ஓட் பாரிசுக்கு வைத்தியரைப் பார்க்க வந்தாள். வீட்டுக்கு வருகிறேன் என்றாள். நாலு மாடி என்றேன். வந்தாள். எழுபது படிக்கு மேல் ஊன்றுகோலோடு ஏறி வந்து, தவத்தின் பருப்பையும் சோற்றையும் அளக்காமல் சாப்பிட்டாள். தன் ஊர் மலையில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற வேலை கேட்டிருக்கிறாளாம். "அவர்களுக்கு முதலில் விழப் பழக்க வேண்டும், இரண்டாவதாகத் திரும்பி வரப் பழக்க வேண்டும். தாய்தகப்பன்மாருக்கு என்னைப் பிடிக்கப் போவதில்லை" என்றாள்.

அவள் வெளிக்கிட்டபோது நானும் கூடப் போனேன். தினமும் ஒரு தரம் படி இறங்கி ஏற வேண்டும் என்று எனக்குப் பயிற்சி தருகிறவர் சொல்லியிருக்கிறார். அவளுக்கு வலது, எனக்கு இடது. படியோ ஒடுக்கம். அவள் முதல் படியில் கால் வைக்கும் முன் நின்று கீழே வளைவு வரை முழுவதும் பார்த்தாள். எந்தப் படி நடுவில் தேய்ந்திருக்கிறது, கைப்பிடி எங்கே ஆடுகிறது என்று பார்த்தாள். பதினொரு வருடம் நான் இறங்குகிற படிகள். நான் ஒருநாளும் பார்த்ததில்லை. முதலில் ஊன்றுகோல், அதோடு நோகிற கால், பிறகு நல்ல கால். அவள் பந்தயத்தில் இறங்கியதை நான் ஒருபோதும் கண்டதில்லை. நான் கண்டது இந்தப் படிகளில்தான்.

இரண்டாம் மாடித் திருப்பத்தில் நின்றாள்.

"நோகிறது" என்று சொல்லிவிட்டு அப்படியே படியில் உட்கார்ந்தாள்.

இன்னும் இரண்டு மாடிதானே என்று என் வாயில் வந்தது. சொல்லவில்லை. எனக்கும் நொந்துகொண்டுதான் இருந்தது. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். மேலே இருந்து குப்பைப் பையோடு விறுவிறுவென்று வந்த மூன்றாம் மாடிக்காரர் எங்களைக் கண்டு திடுக்கிட்டு நின்றார்.

"என்ன மதாம், விழுந்துவிட்டீர்களா?"

"இல்லை, இறங்கிக்கொண்டிருக்கிறோம்" என்றேன். இரண்டு பேரும் காலை ஒதுக்கி அவருக்கு வழி விட்டோம்.